விசைக்குப் பொருள் தருவோர்
(கழகத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கணினிக் கல்வி பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தார்கள். பொருள் பெரிது, காலமோ சிறிது. ஆகவே, கடைகளின் கல்லாவில் இருக்கும் ஒரு சிறு கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விழைகிறோம். பில் போடும் விசைப்பலகையே அது.

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் துணிக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை, உணவகம் என்று பல இடங்களில் நம் பிள்ளைகள் பில் போடும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கடியில் இருக்கும் பலகை வீட்டுக் கணினியின் பலகை போன்றதன்று. ஒரு விசையை அழுத்தினால் ஒரு பொருளின் பெயரும் விலையும் திரையில் வரும். இன்னொன்று பணப்பெட்டியைத் திறக்கும். சிலவற்றில் அட்டை தேய்க்கும் பள்ளமும் சாவித் துளையும் உண்டு. கடைக்காரர் தம் கணினியில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவ முற்படும்போது, "இந்தப் பலகைக்கு டிரைவர் கிடையாது, புதிது வாங்குங்கள்" என்று கூறிவிடுவோர் உண்டு. சிறு வணிகருக்கு அது வீண் செலவு. அருகில் நிற்கும் நம் பிள்ளைக்கோ, "இது உனக்கு எட்டாத வித்தை" என்ற சொல்லாகவே அது போய்ச் சேருகிறது. நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

டிரைவர் என்பது யாது? விசையின்மேல் அச்சிட்ட எழுத்து கணினிக்குத் தெரியாது. அழுத்தியவுடன் ஓர் எண் மட்டுமே செல்கிறது. அந்த எண்ணைப் பெற்று, இன்ன எண்ணுக்கு இன்ன செயல் என்று கணினிக்கு உரைக்கும் மொழிபெயர்ப்பாளனே டிரைவர். யூ.எஸ்.பி. வழியே இணையும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை உலகப் பொதுவான ஒரு நெறியைப் பின்பற்றுகின்றன. அந்நெறியை அறிந்த டிரைவர் லினக்ஸுடனேயே வருகிறது. எனவே பலகையைச் செருகியவுடன் எழுத்துகளும் எண்களும் இயங்கும். எஞ்சுபவை சில சிறப்பு விசைகளே.

அவற்றுக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, எவ்டெஸ்ட் என்னும் சிறு நிரலை ஓடவிட்டு, ஊமையாக நிற்கும் விசையை அழுத்த வேண்டும்; அது அனுப்பும் எண் திரையில் தோன்றும். இரண்டாவது, அந்த எண்ணையும் அதற்கு நாம் தர விரும்பும் விசைப்பெயரையும் ஒரு வரியாக எழுதி, யூடெவ் என்னும் பகுதி படிக்கின்ற பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, அப்பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, பலகையைக் கழற்றி மீண்டும் செருக வேண்டும். எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகள் வழக்கமான பலகைகளில் பெரும்பாலும் இல்லை. அப்பெயர்களைக் கொடுத்தால் மற்ற விசைகளோடு குழப்பம் நேராது.

வேறு சில பலகைகள் தம் பட்டியலைத் தம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். அதை எழுதும் நிரல் விண்டோஸில் மட்டும் ஓடுமானால், அத்தகைய கணினி ஒன்றில் ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும். பிறகு லினக்ஸிலும் பலகை அவ்வாறே இயங்கும். தனி நெறியில் இயங்கும் கருவிகளும் உண்டு. அவற்றுக்கு உற்பத்தியாளரின் டிரைவர் தேவைப்படலாம். ஆகவே, "சாதாரண விசைப்பலகையாக இது இயங்குமா?" என்று வாங்குமுன் கேட்பது அறிவுடைமை.

இத்தகைய பலகைகள் பலவற்றில் விசையின் மேல்மூடி கண்ணாடிபோல் இருக்கும். அதைக் கழற்றி உள்ளே தாள் வைக்கலாம். அத்தாளில் "கடலை எண்ணெய்" என்றும் "துவரம் பருப்பு" என்றும் தமிழில் எழுதி வைத்தால், ஆங்கிலம் அறியாத தாய்மாரும் தடுமாற்றமின்றிப் பில் போடலாம் அன்றோ?

இவையெல்லாம் இயலுவதற்குக் காரணம், இந்த இயங்குதளத்தின் மூலநிரல் மறைக்கப்படாமல் இருப்பதே. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸின் கருவை வெளியிட்டார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் உரிமம். படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் வழிவந்த நமக்கு இவ்வுரிமையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனாரும் 1907-இல் அயோத்திதாசப் பண்டிதரும் தாமே இதழ் தொடங்கியது, நம் சொல்லை நாமே அச்சேற்ற வேண்டும் என்பதற்காகவே. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும் அவ்வழியில் வந்ததே.

2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? கருவி கைக்கு வந்தால் மட்டும் போதாது, கற்பிப்போரும் வேண்டும். விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருவதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். கடைகளில் ஒதுக்கிப் போட்ட பழைய விசைப்பலகைகளைத் திரட்டுங்கள். மாலை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும், மாணவியரும் தவறாமல், ஒரு பலகையையேனும் தம் கையால் சீர்செய்யட்டும். செய்த முறையைத் தமிழில் எழுதி நூலகத்தில் வைக்கட்டும். பிறகு கடைதோறும் சென்று, உரிய கூலி பெற்றுக்கொண்டு அப்பணியைச் செய்யட்டும். கல்லாவின் முன் நின்று விசையை அழுத்தும் பிள்ளை, அவ்விசைக்குப் பொருள் எழுதவும் அறிந்துவிட்டால், அவன் கூலியும் உயரும். அவனை அழைக்கும் குரலில் மரியாதையும் கூடும்.