ஒப்பில்லாத தலைவன் நமக்கு எதற்கு?

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



விஷுவல் நாவல் என்கிற கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். பரவாயில்லை. திரையில் ஒரு படம், அதன் மேல் எழுத்து, பின்னால் இசை. சொடுக்கிச் சொடுக்கிப் படித்துக்கொண்டே போக வேண்டும். இவற்றில் சிலவற்றைக் காப்பியம் என்றே ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். எதை வைத்து?

பிரம்மாண்டத்தை வைத்துத்தான். 2004இல் வந்த ‘ஃபேட்/ஸ்டே நைட்’ விளையாட்டில் ஆர்தர், கில்கமேஷ், ஹெராக்ளீஸ் என்று புராண வீரர்கள் எல்லோரும் வந்து மோதுகிறார்கள். நம் தண்டியலங்காரமும் பெருங்காப்பியத்துக்கு ஒப்பில்லாத தலைவன் வேண்டும் என்றே இலக்கணம் சொல்கிறது. எனக்கு அந்த இலக்கணத்தின் மேல் நம்பிக்கை இல்லை. ஒப்பில்லாத தலைவனின் கதையில் சம்பூகனுக்கு என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு வாள்வீச்சு, அவ்வளவுதான். அவன் தரப்பைச் சொல்ல ஒரு காண்டம் கிடையாது.

என் கணக்கில் காப்பியம் என்றால் ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’. ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்டவர் எழுதி, படமும் தானே வரைந்து, 2002 ஆகஸ்டில் டோக்கியோவின் காமிக் மார்க்கெட்டில் முதல் பகுதியை விற்றார். எட்டாவது பகுதி 2006இல் வந்தது. படங்கள் சுமார்தான். வாசகர் தேர்ந்தெடுக்க வழிகளும் இல்லை. அரசன் இல்லை, படை இல்லை. ஹினாமிசாவா என்றொரு மலைக்கிராமம். 1983 ஜூன் மாதத்தின் அதே நாட்கள் வேறு வேறு ஆட்கள் வழியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன.

இனிமேல் முடிவுகளைச் சொல்வேன், படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

முதல் பகுதியில் கெய்ச்சி என்ற சிறுவன் தன் தோழிகள் தன்னைக் கொல்லப் பார்ப்பதாகச் சொல்கிறான். நாமும் நம்புகிறோம். ஆறாவது பகுதிக்கு வரும்போது அவர்கள் குற்றமற்றவர்கள் என்று தெரிகிறது. கதை சொல்பவன் தவறியிருக்கிறான், அவனோடு சேர்ந்து நாமும் தவறியிருக்கிறோம்.

அந்த ஊரில் சடோகோ என்றொரு சிறுமி. ஊரை மூழ்கடிக்கவிருந்த அணைத் திட்டத்தை அவள் பெற்றோர் ஆதரித்தார்கள். அதற்காக ஊர் அந்தக் குடும்பத்தை விலக்கி வைத்தது. பெற்றோர் இறந்த பிறகும் விலக்கம் நீங்கவில்லை. கொடுமைக்காரச் சித்தப்பா அவளை அடிக்கிறான், ஊர் பார்த்துக்கொண்டு இருக்கிறது. ஜப்பானில் இதற்கு ‘முராஹாச்சிபு’ என்று பெயர். தீப்பிடித்தாலும் சாவு விழுந்தாலும் மட்டும் உதவுவார்கள், மற்ற எல்லாவற்றிலும் விலக்கு என்று அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்வார்கள். இது சாதி இல்லை. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. நம் ஊர்களில் பிணம் போகும் பாதையையே மறிப்பார்கள்.

மூன்றாவது பகுதியில் கெய்ச்சி தனியாளாக நின்று அந்தச் சித்தப்பாவைக் கொல்கிறான். நாயகன் செய்கிற வேலை அதுதானே? ஆனால் எல்லாம் நாசமாகிறது. எந்தச் சிறுமிக்காகக் கொன்றானோ, அவளே அவனைக் கண்டு நடுங்கிப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறாள்.

ஏழாவது பகுதியில் அவன் கத்தி எடுக்கவில்லை. குழந்தைகள் நல அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகிறான். முதலில் நண்பர்கள் சிலர்தான். அலுவலகம் திருப்பி அனுப்புகிறது. மறுநாள் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களிடமே போய் வாதாடுகிறார்கள். கடைசியில் விலக்கி வைத்த ஊரே அவளுக்காகத் திரண்டு வருகிறது. நூறு பக்கப் போர்க்களத்தைப் படிக்கும்போது வராத சிலிர்ப்பு எனக்கு அந்த அலுவலக வாசலில் வந்தது. அந்தப் பகுதியும் சாவில்தான் முடிகிறது. ஆனால் ஒருமுறை அப்படித் திரண்டவர்கள்தான் எட்டாவது பகுதியில் ஜெயிக்கிறார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? என் தாத்தா ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்றார். மளிகைக் கடையில் சாமான் இல்லை, வயலில் வேலை இல்லை. அப்போது என் அப்பாவுக்குப் பத்து வயது. அவர் இன்றுவரை அடித்தவர்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. “கூடப் படிச்ச பசங்க ஒருத்தன்கூட வீட்டுப் பக்கம் வரல” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஏழாவது பகுதியைப் படித்த இரவு, அந்த வராத பசங்களை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கதையைப் பெரிதாக்குவது நாயகனின் உயரம் இல்லை. ஒரே நிகழ்வை எத்தனை பேர் பக்கம் நின்று பார்க்கிறது, அப்படிப் பார்த்தபின் ஓர் ஊர் மாற முடியுமா என்று கேட்கிறதா, அதுதான் என் அளவுகோல்.

இங்கே கணினி படித்தவர்கள் இருக்கிறீர்கள், எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் இருக்கிறீர்கள். ஹிகுராஷியைத் தொடங்கியபோது அவர்களிடமும் பெரிய நிறுவனம் இல்லை. நம் சேரியின் கதையை எட்டுப் பேர் பக்கம் நின்று சொல்லுங்கள். வராத அந்தப் பையன்களில் ஒருவனுக்கும் ஒரு பகுதி கொடுங்கள். அவன் ஏன் வரவில்லை என்பதை அவன் வாயாலேயே கேட்க வேண்டும் எனக்கு.

ஜெய்பீம்.