மூன்று விரல் சோதனை



ஆண்டுவிழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் போன் செய்தபோது, "மாமி, தலைப்பில் அந்த வியாதி பேர் வேண்டாமே, நல்ல நாளும் அதுவுமா" என்று தயங்கிக்கொண்டே சொன்னார். அழைப்பிதழில் "ஆரோக்ய வாழ்வு" என்று போட்டிருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன் எங்கள் அகத்திலும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. அப்பாவுக்கு "வாய்ப்புண்" என்றுதான் உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதினோம். அவர் போகிற வரைக்கும் அப்படியேதான் எழுதிக்கொண்டிருந்தோம். ஆகையால் இன்று பேரைச் சொல்லியே பேசுகிறேன். புற்றுநோய்.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் 32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து 2011-ல் ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகு நாலைந்து சிநேகிதிகளோடு பள்ளிக்கூடங்களுக்குப் போய் வாய்ப் புற்றுநோய் பற்றிக் குழந்தைகளோடு பேசி வருகிறேன். இதில் இறங்கியதற்குக் காரணம் அப்பாதான்.

அப்பா தஞ்சாவூர் ஜில்லாக்காரர். 1952-ல் பம்பாய்க்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தார். மாட்டுங்காவில் இரண்டு ரூம் ஜாகை. காபியும் வெற்றிலையும் தவிர வேறு பழக்கம் கிடையாது. அவருடைய பித்தளை வெற்றிலைச் செல்லத்தைப் பாட்டி புளி போட்டுத் தேய்த்து வைப்பாள். காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகில் சுண்ணாம்பைத் தடவி, சீவலை உள்ளங்கையில் ஒரு குலுக்குக் குலுக்கி அவர் வாயில் போட்டுக்கொள்வதைக் குழந்தைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். யாராவது ஏதாவது சொன்னால், "புகையிலையைக் கையால தொட்டதில்லை ஓய்!" என்பார். அது சத்தியமான வார்த்தை.

1985 வாக்கில் திடீரென்று, "ரசத்துல மிளகைக் குறைச்சுக்கோ, வாயெல்லாம் எரியறது" என்று ஆரம்பித்தார். மிளகு ரசம் என்றால் இரண்டு டம்ளர் வாங்கிக் குடிக்கிறவர். "வயசாச்சோல்லியோ" என்றாள் அம்மா. அப்புறம் சாதத்தைச் சின்னச் சின்னக் கவளமாக உருட்ட ஆரம்பித்தார். கொட்டாவி விட்டால் வாய் பாதிதான் திறக்கும். இதையெல்லாம் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை. 1987-ல் பல்வலி என்று போன இடத்தில் பல் டாக்டர் கன்னத்தின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பரேலில் டாடா மெமோரியலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் ஆயிற்று, கரண்ட் வைத்தார்கள். 1989 தை மாசம் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நான்தான் புகையிலையே போடலையே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பிரான்ஸில் லியோன் நகரில் இருக்கிறது. 1985-ல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையே, புகையிலை சேர்த்த தாம்பூலத்தைத்தான் தீர்மானமாகக் குற்றவாளி என்றது. புகையிலை இல்லாத தாம்பூலத்துக்கு அப்போது போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. 2003-ல் நிபுணர்கள் மறுபடி கூடி ஆராய்ந்து, 2004-ல் அறிக்கை வெளிவந்தது. புகையிலை இல்லாவிட்டாலும் தாம்பூலம் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கு தனியாகவே உண்டாக்கும் என்று அதில் சொல்லிவிட்டார்கள். சிகரெட் இருக்கிற அதே முதல் பிரிவில் பாக்கும் இருக்கிறது. அப்பா போய்ப் பதினைந்து வருஷம் கழித்து அவர் கேள்விக்குப் பதில் வந்தது.

பாக்கில் அரிகோலின் என்று ஒரு சத்து இருக்கிறது. போட்டவுடன் ஒரு சுறுசுறுப்பு, உடம்பில் ஒரு சூடு வருகிறதே, அது இதனால்தான். வருஷக்கணக்காகப் பாக்கை மென்றால் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் நாராகப் படிந்து இறுகிப் போகிறது. முதலில் காரம் பட்டால் எரிச்சல். பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். இதுவே புற்றுநோய் இல்லை. ஆனால் இந்த நிலைமைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் அது வருகிறது. 2022-ஆம் வருஷக் கணக்கில், உலகம் முழுவதும் வந்த வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தது என்று அதே லியோன் அமைப்பு சொல்கிறது. அப்படி வந்தவர்களில் 83,000 பேருக்கு மேல் நம் இந்தியாவில்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் படங்கள் எடுத்துப் போனோம். கன்னம் அழுகிய படம், தாடை எடுத்த படம். முன்வரிசைக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டன, பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். மூன்று பள்ளிக்கூடம் போன பிறகு படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டோம். கணக்கு டீச்சர் புத்தி, அளக்கிற வேலையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. டாக்டர்கள் செய்கிற எளிய சோதனை ஒன்று உண்டு. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைக்க வேண்டும். அவரவர் வாய்க்கு அவரவர் விரல். மூன்றும் போனால் சரி. போகாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது குழந்தைகள் ஒரே சமயத்தில் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

2016-ல் கிழக்குப் புறநகரில் ஒரு பள்ளி. "எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது, பெற்றோர்கள் தப்பாக நினைப்பார்கள்" என்று தலைமை ஆசிரியர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை விட்டார். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், கெட்டிக்காரன், நான் கேட்ட கணக்குக்கெல்லாம் முதலில் கை தூக்கினவன், இந்தச் சோதனைக்கு மட்டும் கையைக் கீழேயே வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனேன். இரண்டு விரல்தான் போயிற்று. இரண்டாவதும் சிரமப்பட்டுத்தான். எனக்கு அப்பாவின் கவளம் ஞாபகம் வந்துவிட்டது. நாலாம் வகுப்பிலிருந்தே தினம் மூன்று நாலு "மீட்டா சுபாரி" பொட்டலம், அதாவது இனிப்புப் பாக்கு. பள்ளி வாசலில் ஒரு ரூபாய்.

மறுநாள் அவன் அம்மா வந்தாள், வீட்டு வேலை செய்கிறவள். பொட்டலத்தையும் கொண்டுவந்திருந்தாள். "நான் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன் டீச்சர், இதில் தம்பாக்கு இல்லை" என்றாள். அப்பா சொன்ன அதே வார்த்தை, ஹிந்தியில். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அவனை முனிசிபல் ஆஸ்பத்திரி பல் விபாகத்துக்கு அழைத்துப் போனோம். இறுகினது முழுக்கப் பழையபடி ஆகாது, ஆனால் பாக்கை இன்றோடு நிறுத்தினால் மேலே போகாமல் தடுக்கலாம் என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயை விரிக்கும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எத்தனை குச்சி என்று பையன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினான், கிராஃப் கூடப் போட்டான். அவன் பத்தாவது முடித்துப் போகும்போது மூன்றாவது விரல் நகம் வரைக்கும் போயிற்று. அதற்குப் பிறகு குடும்பம் வேறு ஊர் போய்விட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2003-ஆம் வருஷச் சட்டப்படி பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. அந்த எல்லையைக் காட்ட ரோட்டில் மஞ்சள் கோடு போடச் சொல்லி 2019-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. கோடு போட்ட இடத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்கிறவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பாக்கு புகையிலை இல்லையே, 100 கெஜச் சட்டம் அதைத் தொடாது. மகாராஷ்டிரத்தில் 2012-ல் குட்காவைத் தடை செய்தார்கள், பின்னால் வந்த ஆணைகளில் வாசனைப் பாக்கும் சேர்ந்தது. இருந்தும் பொட்டலம் மாலை மாலையாகத் தொங்குகிறது. தடை போதாது, வாங்குகிற கை நிற்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைகிறோம்.

இன்னொரு லாபமும் உண்டு. குழந்தைகளிடம், இந்தச் சோதனையை அகத்தில் எல்லோருக்கும் செய்து எழுதிக்கொண்டு வா என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிடுவோம். டாக்டர் கூப்பிட்டால் வராத தாத்தா, பேத்தி விரலைப் பிடித்தால் வாயைத் திறக்கிறார். ஒரு பெண் மட்டும் மறுநாள், "தாத்தா கோவிச்சுண்டு எழுந்து போயிட்டா" என்று எழுதிக்கொண்டு வந்தாள். நம்மாத்துப் பெண்தான், இங்கேகூட உட்கார்ந்திருக்கலாம்.

வாயைத் திறந்து பார்ப்பதால் என்ன பிரயோஜனம் என்று நினைக்காதீர்கள். 1996 முதல் திருவனந்தபுரம் பக்கத்தில் வீடு வீடாகப் போய், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்தார்கள். டாக்டர்கள் இல்லை. 2005-ல் முடிவு வெளிவந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம் மும்பையிலேயே 1998-ல் டாடா மெமோரியல் ஆரம்பித்த ஆராய்ச்சியில், குடிசைப் பகுதிப் பெண்களுக்குச் சுகாதாரப் பணிப் பெண்கள் வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பார்த்ததிலேயே அந்தப் புற்றுநோய்ச் சாவு 31 சதவிகிதம் குறைந்தது. 2016-லிருந்தே 30 வயதானவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் அரசு நிலையங்களில் பரிசோதிக்க நெறிமுறை இருக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவிகிதம். நூற்றில் ஒருத்தி கூட இல்லை.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. புனேயில் தயாரான நம் நாட்டு ஊசி 2023-ல் வந்தது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது உத்தமம். "கல்யாணம் ஆகாத குழந்தைக்கு எதுக்கு இது?" என்று என் சொந்த நாத்தனாரே கேட்டாள். கிருமி எட்டுகிறதற்கு முன்னால் போட்டால்தானே அது தடுப்பூசி? சிக்கிம் 2018-லேயே பள்ளிக்கூடங்கள் வழியாகப் பெண் குழந்தைகளுக்குப் போட்டு முடித்தது. 2022-ல் மட்டும் இந்த வியாதி நம் நாட்டில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு வந்தது. மேல் விவரம் உங்கள் குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, சொல்லத் தயங்குகிற விஷயம். நாம் புகை பிடிக்கிறதில்லை, மாமிசம் தொடுகிறதில்லை, நமக்கு வராது என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அப்பாவும் அப்படித்தான் இருந்தார். தாம்பூலத்தை விடச் சொல்ல நான் யார்? மஞ்சள் குங்குமத்தோடு வெற்றிலை பாக்குக் கொடுப்பது மங்களம், எங்கள் அகத்திலும் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறேன். கொட்டைப்பாக்காக வைத்தால் யாரும் எடுத்து மெல்லப் போவதில்லை. ஆனால் தாம்பூலப் பையில் ஜிகினாக் காகிதத்தில் வாசனைப் பாக்குப் பொட்டலம் எதற்கு? கல்யாண மண்டபத்து வாசலில் ஸ்வீட் பீடா ஸ்டால், அதற்கு முன்னால் குழந்தைகள் கியூ எதற்கு? ஒரு பீடாவில் வியாதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாள், எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்ததுதான். அந்தப் பையனும் முதல் பொட்டலத்தைத் தன் சித்தப்பா கல்யாணத்தில்தான் தின்றானாம்.

நம் சங்க விழாக்களிலாவது பொட்டலப் பாக்கு வேண்டாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவரக் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். மற்ற ஊர்க் கிளைகளில் இருப்பவர்களும் கேட்டுப் பாருங்கள். எங்கள் கமிட்டிக்கு முன்னால் நீங்கள் முடிவு செய்துவிட்டால் எனக்கு ரொம்ப சௌகரியம்.

பந்தி பன்னிரண்டரைக்கு என்கிறார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. வலது பக்கம் கை கழுவத் தண்ணீர் வைத்திருக்கிறது, வாசல் பக்கம் மேஜையில் ஒரு பல் டாக்டர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார். கை கழுவிக்கொண்டு அவரவர் மூன்று விரலை வைத்துப் பாருங்கள். போகாதவர்கள், போனாலும் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருப்பவர்கள் அந்த மேஜைக்கு வாருங்கள். மாமாக்கள் முதலில்.