மலைப்பாதைக்கும் மின்சார ரயில் வேண்டும்
(லிந்துலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. கடல் சூழ்ந்த நம் இலங்கையிலோ, கொழும்பிலிருந்து அலையோரமாக மாத்தறை செல்லும் பாதையிலும் மின்வண்டி இன்றுவரை ஓடியதில்லை. அப்பாதையை மின்மயமாக்க வேண்டுமென்று நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அங்கே பயணிகள் மிகுதி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால், மின்சாரம் பிறப்பது எங்கே? நமக்கருகே தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து, 2012-இல் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் இயங்கத் தொடங்கிற்று. சென்கிளேயர் அருவி மெலிந்தது. பல குடும்பங்கள் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்தன.

44 அடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதையில் டீசல் இயந்திரம் திணறும். மின்வண்டியோ, இறங்கும்போது தடுக்கும் விசையையே மின்சாரமாக்கித் திருப்பித் தரவல்லது. கடலோரத்துக்குத் திட்டம் தீட்டுவோர் நானுஓயா வரையிலான பாதையையும் அதே திட்டத்தில் சேர்க்கட்டும். நம் கரட்டையும் லீக்சையும் ஏற்றச் சரக்குப் பெட்டிகளை இணைக்கட்டும்.

மனு இதோ மேசைமீது இருக்கிறது, கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.