கழற்ற வேண்டிய பூட்டு



2024 ஓகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. தண்ணீரின் விலையையும் கடற்றொழிலாளரின் கவலையையும் பற்றி நிறையவே பேசிவிட்டோம். இன்று ஒரு நட்டைப் பற்றிப் பேசலாம்.

கடல்நீரை மென்சவ்வினூடாகத் தள்ள 55 முதல் 70 பார் வரை அழுத்தம் வேண்டும். அந்த உப்பில் சாதாரண கறையில் உருக்கு குழிவிழுந்துவிடும். ஆகவே இத்தகைய ஆலைகளில், இக்கட்டான இடங்களில் 625, சி-276 போன்ற நிக்கல் கலப்புலோகங்களை நாடுவதுண்டு. விலை அதிகம், கறள் பிடிக்காது. ஆனால் மென்சவ்வு மாற்றவும் பம்பியைப் பழுதுபார்க்கவும் இந்த இணைப்புகளைத் திரும்பத் திரும்பக் கழற்றியாக வேண்டும். அங்கேதான் தொல்லை.

கறள் பிடித்த நட்டை எண்ணெய் விட்டு, தட்டி, சூடாக்கி எடுத்துவிடலாம். புரி கடித்துக்கொண்டால் அந்த வைத்தியம் எடுபடாது. கலப்புலோகத்தின் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலந்தான் கடல்நீரிலிருந்து அதைக் காக்கிறது. இறுக்கும்போது புரியின் மேடுகளில் அந்தப் படலம் உரிந்து, வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. மேலும் திருகினால் ஒட்டிய துணுக்கு பிய்ந்து, உழுதுகொண்டு போகும். நிக்கல் கலப்புலோகம் உருக்குலைய உருக்குலைய இன்னும் கடினமாகும். 625 வெப்பத்தைக் கடத்துவதும் சாதாரண உருக்கின் ஐந்திலொரு பங்கே. உராய்வில் பிறந்த சூடு புரியிலேயே தேங்குகிறது. ஆகவே வேகம் இங்கே பகை. காற்றுத் துப்பாக்கியால் நட்டை ஏற்றுவது ரயர் கடைக்குப் பொருந்தும். இந்த உலோகத்துக்கு வேண்டாம்.

தடுப்பு வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். ஆணியும் நட்டும் ஒரே கலப்புலோகமாக, ஒரே கடினத்தில் இருக்கக் கூடாது. நுண்புரியைவிடப் பரும்புரி நல்லது. வெட்டிய புரியைவிட உருட்டிய புரி வழவழப்பானது. எங்கள் பட்டறைகளில் கடைசலில் வெட்டிய புரி என்றால், பிசிறு எடுக்காமல் அதை வெளியே விடக் கூடாது. கழற்றிய ஆணியைத் தூரிகையால் சுத்தம் செய்யாமல் திரும்பப் பூட்டுவது, மணலைப் பூசிப் பூட்டுவதற்குச் சமம். கையால் திருகும்போதே தடைப்பட்டால் நிறுத்திப் பின்னோக்கித் திருப்புங்கள். சாவிக்குக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள்.

புரி கடிபடாமலிருக்கப் பூசும் பசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் காரீயம் உலகப் பெயர் பெற்றது, உராய்வைக் குறைப்பதும் உண்மை. ஆனாலும் கடல்நீரில் நனையும் புரியில் காரீயப் பசை கூடாது. அது மின்கலத்தின் ஒரு முனைபோல் நின்று பக்கத்து உலோகத்தை அரிக்கவைக்கும். கந்தகம் கலந்த பசை குளிர்ந்த இணைப்பில் பாதகமில்லை. புகைபோக்கி, விசையாழி போன்ற சூடான இடங்களில் நிக்கலை நொறுங்கவைக்கும். பெட்டியின் மேலுறையைப் பார்த்து வாங்கினால் போதாது, உள்ளடக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. பசை பூசினால் உராய்வு குறையும். உராய்வுக் காரணி 0.20இலிருந்து 0.15க்கு இறங்கினால், அதே முறுக்கத்தில் ஆணி மூன்றிலொரு பங்கு கூடுதலாக இழுபடும். உலர்ந்த புரிக்கு எழுதிய முறுக்க அட்டவணையைப் பசை பூசிய புரிக்குப் பயன்படுத்துவது, புரியைக் காப்பாற்றி ஆணியை முறிக்கும் வேலை. பசையை மாற்றினால் அட்டவணையையும் மாற்றுங்கள்.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கடிபடும் அழுத்தத்தை அளக்க ஏஎஸ்டிஎம் ஜி98 என்ற சோதனை உண்டு. இரண்டு உலோகத் துண்டுகளை அழுத்தி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பதே அது. எங்கள் மாணவர்கள் இங்கேயே அதைச் செய்யலாம், எங்கள் கடல்நீரையும் எங்கள் சந்தையில் கிடைக்கும் பசைகளையும் வைத்து. பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் கழற்றிய தடவையையும் பூசிய பசையையும் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்த கருத்தரங்கிற்கு ஊகமல்லாத தரவு கிடைக்கும். அந்தப் பதிவேட்டை இந்த வாரமே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.