விலகிய காரணம்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையிலே முத்தமிழைப் பற்றிப் பேசுவதே மரபு. திரைக்குப் பின்னே குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டிருக்கும் ஓசையும் நம் காதில் விழுகிறது. இந்த நேரத்திலே ஒரு விண்ணப்பக் கடிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம்முள் எத்தனை குடும்பங்கள் பட்டாளத்தை ஒட்டி இந்தப் புனே நகருக்கு வந்து சேர்ந்தவை என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கிர்க்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை, தேஹு ரோட்டின் இராணுவக் கிடங்குகள், தாபோடியின் இராணுவப் பொறியியற் கல்லூரி, வானவடியின் இராணுவ மருத்துவக் கல்லூரி, தென் பிராந்தியப் படைத் தலைமையகம் என்று எந்தத் திசையில் திரும்பினாலும் நம்மவர் ஒருவருடைய தந்தையோ பாட்டனாரோ அங்கே உழைத்திருப்பார். ஆதலால் இது நம் வீட்டுச் செய்திதான்.

2011ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் படிப்பகத்துக்குத் தேஹு ரோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலே பிறந்தவர். பிம்ப்ரியில் ஓர் ஆலையின் வாயிற்காவலராக நெடுநாள் இருந்தவர். துணிப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு சிறு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அது அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம். "இதிலே ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லுங்கள்" என்றார். படித்தோம். பணியிலிருந்து விலகிய காரணம் என்னும் இடத்தில், 'தம் சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பீரங்கிப் படையிலே பதினோராண்டுகள் பணி செய்தவர் அவர். பீரங்கி முழக்கத்தில் முதலில் இடக் காது போயிற்று. பின்னர் வலக் காதிலும் ஓயாத இரைச்சல் குடிகொண்டது. மருத்துவர்கள் அவரைக் கீழ்த் தரத்திலே வைத்தார்கள். அவருக்கேற்ற இலகுவான வேலை படைப்பிரிவில் இல்லை என்றார்கள். ஒரு தாளை நீட்டி, கையெழுத்திட்டால் விரைவில் ஊருக்குப் போகலாம் என்றார்கள். ஆங்கிலம் அறியாத அவர் கையெழுத்திட்டார். அது 1987. இதைச் சொல்லிவிட்டு அவர் கூறிய சொற்களை நாம் மறக்கவில்லை: "எனக்குக் காது கேட்கவில்லை, ஐயா, அது மெய். ஆனால் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நானாகக் கேட்கவில்லை. பயந்து ஓடிவந்துவிட்டேன் என்று என் தகப்பனார் சாகும் வரையில் நினைத்திருந்தார்."

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினால்தான் சாதாரணச் சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் உண்டு. பணியினால் நேர்ந்த ஊனத்துக்குத் தரும் ஓய்வூதியத்துக்கோ அப்படிக் கால எல்லை இல்லை. ஆனால் உடற்குறைவினால் விடுவிக்கப்பட்டவராக இருத்தல் வேண்டும். 'நானே போகிறேன்' என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் கதவு அந்நாளில் சாத்தப்பட்டது. சர்க்கார் உத்தியோகங்களில் முன்னாள் படைவீரருக்கென்று ஒதுக்கிய இடங்கள் உள்ளன அல்லவா? ஓய்வூதியம் பெறும் தகுதி அடையுமுன்னே தாமாகவே விலகியவர் அந்த இலக்கணத்துக்குள்ளும் வரமாட்டார். பதினோராண்டு சீருடை அணிந்தவர், ஏட்டின்படி முன்னாள் படைவீரரே அல்லர்! பிம்ப்ரி ஆலையிலே காவலராக நின்றபோது, பக்கத்திலே நின்ற தோழர் முன்னாள் படைவீரர் என்று கான்டீன் அட்டை வைத்திருந்தாராம். இவர் தாம் பட்டாளத்தில் இருந்ததையே சொல்லாமல் இருந்துவிட்டாராம்.

காரணத்தை எழுதுவது நம் மரபுக்குப் புதிதன்று. நடுகல்லை நினைத்துப் பாருங்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்-பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்றில் விரல்விட்டு எண்ணத்தக்க சொற்களே உள்ளன. இடமோ சிறிது, கல்லோ கடினம், ஆயினும் ஊரின் பெயரையும், மாண்டவன் பெயரையும், அவன் மாண்டது ஆநிரை கவர்ந்த பூசலிலே என்பதையும் செதுக்கியவன் விடவில்லை. செங்கம் வட்டாரத்துப் பிற்கால நடுகற்களும், இன்ன அரசனின் இன்ன ஆண்டில், இன்னான் சேவகன் இன்ன ஊர்த் தொறுவை மீட்டுப் பட்டான் என்றே கூறும். இங்கே மராட்டியர் 'வீரகள்' என்று வழங்கும் கற்களையும் நாம் பார்த்திருக்கிறோம். கல்லிலே காரணத்தைப் பிழையாகச் செதுக்கினால் அந்த வீரனின் சுற்றத்தார் ஒப்புவார்களா?

நம் நாட்டுச் சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் 23ஆவது பிரிவிலே ஒரு விதி உண்டு. பணியிலிருந்து விடுவிக்கப்படும் சிப்பாய்க்கு அவருடைய கட்டளை அதிகாரி ஒரு சான்றிதழ் தரவேண்டும். பணியை முடித்துவைத்த அதிகாரம் யாது, முடித்ததன் காரணம் யாது, பணியாற்றிய முழுக் காலம் எவ்வளவு என்னும் மூன்றும் அதில் இருக்கவேண்டும். அது ஆங்கிலத்திலும், அந்தச் சிப்பாயின் தாய்மொழியிலும் இருக்கவேண்டும். ஆம், தாய்மொழியில்! இதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். முதலில் காது கேட்காமையால் என்று நினைத்தோம், அப்படியன்று.

நம் செயற்குழுவிலே இதற்கு எதிர்ப்பும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. தமிழ் வளர்க்கும் சங்கத்துக்கு மனு எழுதும் வேலை எதற்கு என்றார் ஓர் அன்பர். மற்றொருவர், தாமே சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் கடுமையாகப் பேசினார். கையெழுத்திட்டவன் கையெழுத்துக்குப் பொறுப்பாளி. இப்படி ஒவ்வொருவரும் கிளம்பினால் படையின் கட்டுப்பாடு என்ன ஆகும் என்று கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. பொய்யான காரணத்துக்கு நாம் துணை போவதாக இருந்தால் அவர் பக்கமே நாமும் நிற்போம். ஆகவே அவரையே முதலில் ஏடுகளைப் பார்க்கச் சொன்னோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மருத்துவத் தாள்களின் நகல் வந்தது. படையில் சேர்ந்த நாளில் இரு செவியும் பழுதின்றி இருந்தன என்று ஒரு தாள் சொல்லிற்று. விலகும்போது செவித்திறன் குறைந்திருந்தது என்று மற்றொரு தாள் சொல்லிற்று. 'பணியால் நேர்ந்ததன்று' என்று அதிலேயே மருத்துவக் குழுவின் முடிவும் இருந்தது. ஏன் அன்று என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. சுபேதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பீரங்கிக்காரனுக்கா இப்படி எழுதினார்கள்?" என்றார். அன்று முதல் மனுக்களை எழுதியவர் அவரே.

தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வூதியம் பெறாதவருடைய பணி ஏடுகளை இருபத்தைந்து ஆண்டுகள்தாம் பாதுகாப்பார்கள். அதன் பின்னர் அழித்துவிடலாம் என்பது படை விதி. பெயரும் எண்ணும் அடங்கிய நெடும்பட்டியலே எஞ்சும். பெரியவர் வந்தது இருபத்து நாலாம் ஆண்டிலே. இன்னும் ஓராண்டு கூச்சப்பட்டுக்கொண்டிருந்தால் அந்த இரு தாள்களும் சாம்பலாகியிருக்கும். உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டிகளைத் தீபாவளிக்கு ஒழிக்கும்போது, இங்கிலீஷ் தாள்தானே என்று எதையும் எறிந்துவிடாதீர்கள்.

முதல் மனுவுக்கு வந்த மறுமொழி இரண்டே வரி. தாங்களே கேட்டு விலகினீர்கள், ஆகவே இடமில்லை என்பதே அதன் சாரம். மனம் சோர்ந்திருந்த வேளையில், 2013 ஜூலை 2ஆம் நாள், தரம்வீர் சிங் என்பாரின் வழக்கிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் 1985இல் சிக்னல் படையில் சேர்ந்தவர். 1994இல் வலிப்பு நோயினால், 20 சதவீத ஊனம் என்று கணித்து அனுப்பப்பட்டவர். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. நீதிமன்றம் சொன்னது என்ன? சேரும்போது ஒரு குறையும் குறித்து வைக்கப்படவில்லையானால், அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும்; பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதன்று, சர்க்காருடையது; மருத்துவக் குழு காரணம் காட்டாமல் முடிவு மட்டும் எழுதுதல் ஆகாது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு சிப்பாய் காத்திருந்ததன் பயனை எண்ணற்ற சிப்பாய்கள் இன்று அனுபவிக்கிறார்கள். 2023இல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆனால் அவை அதற்குப் பின் விலகுவோருக்கு உரியவை. பழையவர்களுக்குப் பழைய விதிகளே.

காலம் கடந்துவிட்டதே என்று அஞ்சுவோருக்கும் ஒரு விடை உண்டு. 1983இல் விடுவிக்கப்பட்டு 1999இல்தான் நீதிமன்றம் சென்ற தர்சேம் சிங்கின் வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் ஊன ஓய்வூதியத்தை மறுக்கவில்லை. நிலுவையை மட்டும், வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்றாண்டுகளுக்கு என்று வரையறுத்தது. தாமதித்தவன் பொருளை இழப்பான், உரிமையை இழப்பதில்லை. ஒழுங்கு நடவடிக்கையால் விலக்கப்பட்டவர் கதை வேறு; அதை இங்கே விரிக்க நேரமில்லை. நாலு சிவப்பு மை குறிப்பு ஏறிவிட்டால் வீட்டுக்கு அனுப்பியே தீரவேண்டும் என்பதில்லை. முன்கூட்டி விசாரணை வேண்டும் என்று வீரேந்திர குமார் தூபே வழக்கில் 2015இல் தீர்ப்பாயிற்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

பிற நாட்டிலும் இந்தத் துயரம் உண்டு. அமெரிக்காவின் பிரவுன்ஸ்வில் நகரத்திலே 1906இல் ஒரு துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதன் பேரில் 167 கறுப்பினச் சிப்பாய்களை, விசாரணை மன்றம் எதிலும் நிறுத்தாமலே, மதிப்பின்றி விலக்கினார் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1972இலேதான் அவர்கள் ஏட்டில் 'மதிப்புடன்' என்று திருத்தம் ஏறிற்று. அறுபத்தாறு ஆண்டுகள்! அதைக் கையில் வாங்க எஞ்சியிருந்தவர் டார்சி வில்லிஸ் என்னும் முதியவர். வாழ்நாளெல்லாம் பிறருடைய பாதணிகளுக்கு மெருகேற்றிப் பிழைத்தவர்.

புனே நகரம் ஊனமுற்ற வீரரை மதிக்கத் தெரிந்த நகரம். போரில் உறுப்பிழந்தோருக்கென்று 1917இல் தோன்றிய அரசி மேரி தொழிற்பயிற்சி நிலையம் கிர்க்கியில் இருக்கிறது. தண்டுவடம் முறிந்த வீரர்களின் மறுவாழ்வு மையமும் அங்கேயே இருக்கிறது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்டு, 1972இல் ஹைடல்பர்க் நகரத்து மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கரை இவ்வூர் கொண்டாடுகிறது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு ஊர் எழுந்து நிற்கிறது. செவிக்குள்ளே பட்ட காயத்துக்கு, பாவம், சாட்சி அந்த ஒரு வரிதான்; அதுவும் எதிர்ச்சாட்சியாக இருந்தது.

பெரியவரின் வழக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது அது. 2009 முதல் நடைபெறுகிறது. மும்பையிலும் சென்னையிலும் அதன் கிளைகள் உண்டு. விசாரணைக்கு அவர் ஒவ்வொரு தடவையும் விடியற்காலை ரயிலில் புறப்பட்டார். சுபேதார் உடன் சென்றார். வழக்கறிஞர் பேசுவது இவருக்குக் கேளாது. சுபேதார் ஒரு சிறு நோட்டிலே தமிழில் எழுதிக் காட்டுவார். இறுதியில் உடற்குறைவினால் விடுவிக்கப்பட்டவராகவே அவரைக் கருதவேண்டும் என்று உத்தரவாயிற்று. நிலுவை மூன்றாண்டுக்குத்தான். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

திருத்திய சான்றிதழ் தபாலில் வந்த அன்றே படிப்பகத்துக்கு எடுத்து வந்தார். காரணம் என்னும் இடத்தை விரலால் தொட்டு, படிக்கச் சொன்னார். மருத்துவக் காரணத்தால் என்று படித்தோம். உரக்கப் படிக்கச் சொன்னார். தெருவிலே போகிறவர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தோம். பிறகு தாளைத் திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"தமிழிலே எங்கே?" என்றார்.

சுபேதார் அன்று மாலையே 23ஆவது பிரிவைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் எழுதினார். அதற்கு மறுமொழி இன்னும் வரவில்லை. பெரியவர் ஞாயிறுதோறும் வந்து தபால் பெட்டியைப் பார்க்கிறார், இன்றும் வந்திருக்கிறார். முன் வரிசையிலே, வலக் காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருப்பவர் அவர்தாம்.