சர்வே எண்ணைப் பிடியுங்கள்!
(பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆம்பூரில் ஒரு மனையின் பழைய பத்திரங்களை வரிசையாக வையுங்கள். 1985-இல் எழுதியதில் வட ஆற்காடு மாவட்டம், 1989-க்குப் பின் வட ஆற்காடு அம்பேத்கர், அப்புறம் வேலூர், 2019-இலிருந்து திருப்பத்தூர். மனை ஓர் அடி நகரவில்லை! ஆகவே பெயரை விட்டுவிட்டு, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பிடியுங்கள்.

"பத்திரம் இருக்கே சார், போதாதா?" என்பார்கள். போதாது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு மட்டும் உத்தரவாதம் ஆகாது. பட்டா, வருவாய்த் துறைக் கணக்கு. வில்லங்கச் சான்றோ பதிவான ஆவணங்களைத்தான் காட்டும்; பதிவாகாத உயிலும் தங்கைகளின் வாரிசுப் பங்கும் அதில் வராது.

பாலாற்றங்கரையில் டேனரிக்கோ வீட்டுக்கோ இடம் பார்க்கிறவர்கள் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். புறம்போக்கா என்பது தெரிந்துவிடும். புலப்படத்தை வைத்து நிலத்தை அளந்தும் பாருங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம், புலப்படம் நான்கிலும் எண்ணும் பரப்பும் ஒத்துப்போகணும்.

ஆயுள் சேமிப்பைக் கொடுக்கும் முன் ஒரு வாரம் அலையுங்கள். பிறகு கோர்ட்டுக்கு அலைவதைவிட அது லேசு.