பேரும் அரைப் பேரும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலியைப் ‘பேர்’ என்று சொல்வது நெடுங்கால வழக்கு. தோட்டத்துப் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே அன்றைய வேலை முழுதாகப் பதிவானால் அது ஒரு பேர், நிர்வாகம் விதித்த எடைக்குக் கொழுந்து குறைந்துபோனால் அது அரைப் பேர், அதாவது பாதிக் கூலி. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள் ஆதலால், அரைப் பேரும் பெரும்பாலும் அவர்கள் கணக்கிலேயே விழுகிறது. இடுப்பில் படங்கு எனப்படும் தடித்த விரிப்பைச் சுற்றிக்கொண்டு, கூடையின் கயிற்றை உச்சந்தலையில் தாங்கியபடி சரிவில் ஏறி இறங்கிப் பறித்த கொழுந்து நிறுவைக்கு வரும்போது, இலையில் தங்கிய ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுவதுண்டு. பேர் அரைப் பேராவதற்கு அந்தக் கழிவே போதும்.

இவர்களுடைய முன்னோர், 19ஆம் நூற்றாண்டில் கங்காணிகளால், அதாவது ஊரில் ஆள் திரட்டி வந்து தோட்டத்தில் வேலையும் வாங்கிய இடையாட்களால், முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். 1931இல் இலங்கையில் ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தபோது, வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவர்களிலும் பலர் வாக்காளராயினர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே, நாடு விடுதலை பெற்ற சில மாதங்களில் வந்த குடியுரிமைச் சட்டமோ, இலங்கையில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்டினால்தான் வம்சாவளிக் குடிமகன் ஆவார் என்றது. லயங்களில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைகளில் பிறந்தவர்கள் பாட்டனின் பிறப்புக்குப் பதிவுச் சான்று எங்கே தேடுவது என்ற கேள்வி பலராலும் எழுப்பப்பட்டதுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் தாய் எங்கே பிறந்தாள் என்பதற்கு மதிப்பே இல்லை என்பதை அந்நாளில் வாதிட்டோர் அவ்வளவாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஓர் இனத்தை விலக்குவதற்கு எழுதப்பட்ட சட்டம் அந்த இனத்துப் பெண்ணை இரண்டாம் முறையும் விலக்கியது. குடியுரிமையோடு வாக்கும் பறிபோக, 1952 தேர்தலில் இவர்களுக்கெனப் பிரதிநிதி ஒருவர்கூடத் தேர்வாகவில்லை.

வாக்கு போனவர்களுக்குப் பேரம் பேசும் வலுவும் குறைவது இயல்பு. தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனினும் குறைந்த கூலி என்று நிர்ணயிக்கப்பட்ட நிலை 1984இல்தான் மாறியது. கூலி சமமான பிறகும் பொழுது சமமாகவில்லை: கவ்வாத்து எனப்படும் செடி வெட்டும் வேலையில் ஈடுபடும் ஆண், தனக்கு அளந்துவிட்ட பங்கை முடித்து நண்பகலைத் தாண்டியதும் வீடு திரும்பிவிடலாம்; கொழுந்து பறிக்கும் பெண் மாலை நிறுவை வரை நின்றாக வேண்டும், அதற்குப் பிறகே அவளுடைய விறகும் தண்ணீரும் அடுப்பும் தொடங்குகின்றன.

இதனிடையே, 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, இந்த மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட கணக்கல்ல அது. இந்தியாவுக்கு வந்தவர்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில், தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கினர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயராயிற்று. இலங்கையில் தங்கியோருள் நாடற்றவராக எஞ்சியவர்களுக்கு 2003இல் ஒரு சட்டம் குடியுரிமை வழங்கிய பின்னரும், அந்நாட்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சமூகத்துக்கு உரிய பகுப்பின் பெயர் ‘இந்தியத் தமிழர்’ என்றே தொடர்ந்தது.